முப்பத்திரண்டுக்கு எத்தனை பல்?

10 ஜனவரி 2010

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீயும் அம்மாவும் அம்மாவின் முட்டியும் சௌக்கியமா? நானும் உன் தம்பி பெண்டாட்டியும் நன்றாக இருக்கிறோம்.

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஒரு நாளைக்கு எண்பது பேர் ஃபோனில் கூப்பிட்டுத் துணி துவைக்கும் மிஷின் ஓடவில்லை என்று திட்டுகிறார்கள். அந்த மிஷினை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று எனக்குத் தலைகீழாகத் தெரியும்.

இந்தத் தலைவலிக்கு மருந்தாக ஒரு ப்ளாக் ஆரம்பித்திருக்கிறேன். வீடியோ கேம் விமர்சனம். சும்மா பொழுதுபோக்குக்குத்தான். ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. மூன்று தடவை கலர் மாற்றிவிட்டேன், இன்னும் ஒரு வரி எழுதவில்லை. ஆட உட்கார்ந்தால் தூக்கம் சொக்குகிறது.

நீ என் பழைய கம்ப்யூட்டரில் ஆடிக்கொண்டிருக்கிறாய் என்று அம்மா ஃபோனில் ஒரே புலம்பல். “கட்டிக் குடுத்த வீட்டிலேர்ந்து திரும்பி வந்தவ, சாயங்காலம் ஆனா பொட்டி முன்னாடி உக்காந்துடுறா” என்றாள். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. இதோடு இரண்டு டிஸ்க் அனுப்பியிருக்கிறேன். ஆடிவிட்டு, எனக்குக் கடிதம் எழுதுகிற மாதிரியே எழுது. நான் டைப் அடித்துப் போடுகிறேன். வீட்டில் நெட் இல்லை என்று சாக்குச் சொல்லாதே, தபால்காரர் இருக்கிறார். கடைசியில் மதிப்பெண் மட்டும் போட்டுவிடு.

இப்படிக்கு,
தம்பி


24 ஜனவரி 2010

அன்புத் தம்பிக்கு,

தாளில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படி. அது பிளாஸ்டர். லேபில் மதியச் சாப்பாடு முடித்துவிட்டு எழுதுகிறேன். பக்கத்தில் யாருடைய மேல்தாடை அச்சோ காய்ந்துகொண்டிருக்கிறது. நாலரைக்குள் பல் செட் மூன்றை டாக்டரம்மா கிளினிக்குக்கு அனுப்பியாக வேண்டும்.

நீ அனுப்பிய போலீஸ்கார விளையாட்டை முடித்தேன். ஊரைப் பெரிதாகத்தான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் எல்லா வீடும் ஒரே உயரம், எல்லாச் சன்னலிலும் விளக்கு. எங்கள் தொழிலில் பல்லை ரொம்ப நேராக அடுக்கினால் பொய்ப்பல் என்று முதல் சிரிப்பிலேயே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஏதாவது ஒரு முன்பல்லைத் துளி திருப்பி வைப்போம். அப்போதுதான் அது அந்த வாய்க்குச் சொந்தமாகும். இந்த ஊரைக் கட்டினவருக்கு அது தெரியவில்லை. ஒரு வீட்டிலாவது ஆள் இல்லாமல் இருந்திருக்கலாம். ஒரு நாயாவது நடுரோட்டில் படுத்திருக்கலாம். திருடனைப் பிடித்தபோது எனக்குச் சந்தோஷமே வரவில்லை, அந்த ஊரில் திருடுவதற்கு என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது.

மதிப்பெண் கேட்டாய். பத்துக்கு இத்தனை, நூறுக்கு இத்தனை என்றெல்லாம் போட எனக்கு வராது. என் தொழிலுக்கு முப்பத்திரண்டுதான் முழுசு. இதற்கு 14 பல். குடிக்கலாம், கடிக்க முடியாது.

இரண்டாவது டிஸ்க் பற்றித் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் பெயரைப் போடாதே, புகுந்த வீட்டு ஆட்கள் கண்ணில் பட்டால் அதற்கும் ஒரு பேச்சு வரும். கடைசியில் “இப்படிக்கு, அக்கா” என்று மட்டும் போடு. அது போதும். ஆனால் அதைப் போட்டுவிடு.

இப்படிக்கு,
அக்கா


9 பிப்ரவரி 2010

அன்புள்ள அக்காவுக்கு,

ஆபீஸில் மேஜைக்கு அடியில் வைத்துப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். சூப்பர்வைசர் முறைத்தார். அக்கா, நீ இத்தனை நாள் இதையெல்லாம் எங்கே ஒளித்துவைத்திருந்தாய்? பல் மதிப்பெண்! இது உலகத்தில் எவனுக்கும் தோன்றியிருக்காது.

டைப் அடித்துப் போட்டுவிட்டேன், ஒரு எழுத்து மாற்றவில்லை. முதல் நாளே நாற்பது பேர் படித்தார்கள். “இப்படிக்கு, அக்கா” போடாமல் இருப்பேனா? சத்தியமாகப் போட்டேன். இனிமேல் வாரம் ஒரு டிஸ்க் வரும். கையை வலிக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதே தாயே.

இப்படிக்கு,
தம்பி


16 மே 2010

அன்புத் தம்பிக்கு,

இதோடு பதினேழு கட்டுரை ஆயிற்று. நான் எட்டுப் பக்கம் எழுதினால் நீ நாலு வரியில் பதில் போடுகிறாய். தம்பி பெரிய மனிதன் ஆகிவிட்டான் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

இந்த வாரம் வந்தது இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற விளையாட்டு. எனக்கு ஜோடி இல்லை, இரண்டு பேருக்கும் நானே ஆடினேன். ஆடும்போது ஒரு பாவம் நினைவுக்கு வந்தது, இன்றைக்கு ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உனக்கு ஐந்து வயதிருக்கும்போது நம் வீட்டில் டிவியோடு இணைத்து ஆடுகிற பெட்டி ஒன்று இருந்ததே, அதில் ஒரு கன்ட்ரோலரை உன் கையில் கொடுப்பேன். அதன் வயரைப் பாய்க்கு அடியில் செருகிவைத்திருப்பேன். பெட்டியில் இணைத்திருக்கவே மாட்டேன். நான்தான் ஆடுவேன். நீ பொத்தானை அமுக்கி அமுக்கி “நான் ஜெயிச்சிட்டேன்க்கா” என்று குதிப்பாய். நான் கைதட்டுவேன். இதைக் கட்டுரையில் சேர்த்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. விளையாட்டுக்கு 23 பல்.

இன்னொன்று சொன்னால் சிரிப்பாய். நான் கட்டுகிற பல் இன்னொருவர் வாய்க்குள் போய்விடும். அவர் சிரிக்கும்போது இதைச் செய்தது யார் என்று எவரும் கேட்கக் கூடாது. கேட்டால் நான் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம். பதினாறு வருஷமாக அப்படித்தான் இருக்கிறேன், புகுந்த வீட்டிலும் அப்படித்தான் இருந்தேன். இந்த முப்பத்தெட்டு வயதில் முதல்முறையாக யாரோ முகம் தெரியாத ஒருவர், “அக்கா இப்படிச் சொல்றாங்க” என்று பேசுவார் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. இது எனக்கே எனக்கானது, தம்பி. அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எழுது. முடிந்தால் ஒரு பக்கத்தையாவது பிரிண்ட் எடுத்து அனுப்பு. தலையணைக்கு அடியில் எல்லாம் வைத்துக்கொள்ள மாட்டேன், பயப்படாதே.

இப்படிக்கு,
அக்கா


20 ஜூன் 2010

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு, டூட்டி மாறிவிட்டது. வயர் கதையைப் படித்து உன்னைக் கொல்ல வேண்டும்போல இருந்தது. இருபத்தைந்து வருஷமாக நான் ஒரு சாம்பியன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

வாசகர்களுக்கு உன்னை ரொம்பப் பிடித்திருக்கிறது. “அக்கா எப்படி இருக்காங்க?” என்று கேட்காத ஆள் இல்லை. ஆபீஸ் பிரிண்டர் ரிப்பேர், சரியானதும் அனுப்புகிறேன். ஒரு பத்திரிகையிலிருந்து மாதம் ஒரு பக்கம் எழுத என்னை, நம்மைக் கேட்டிருக்கிறார்கள். இன்னும் முடிவாகவில்லை.

ஒரு சின்ன யோசனை. லேப், அம்மா, புடவை என்கிற பேச்சையெல்லாம் கொஞ்சம் குறைத்து எழுதேன். வாசகர்களுக்குக் குழப்பமாக இருக்கிறதாம். பல் மட்டும் இருக்கட்டும், அதற்குத்தான் மவுசு.

இப்படிக்கு,
தம்பி


3 ஆகஸ்ட் 2010

அன்புத் தம்பிக்கு,

ஒரு வேடிக்கை கேள். நேற்று ஒரு பல் செட் அளவு சரியில்லை என்று டாக்டரம்மா கிளினிக்குக்கு வரச் சொன்னார். போனால், நோயாளி யாரும் இல்லை, அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். “இந்தக் கூத்தப் பாரும்மா, ஒருத்தன் வீடியோ கேமுக்கு முப்பத்திரண்டு பல்லுக்கு மார்க் போடறான்” என்றார்.

“அது நான்தான் டாக்டர்” என்று சொல்லியேவிட்டேன். அவர் இன்னும் பலமாகச் சிரித்தார். “அட போம்மா. எழுதறது ஒரு ஆம்பளை. படமெல்லாம் போட்டிருக்கான், மூக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு. இவனுக்குப் பல்லண்ணன்னே பேரு வெச்சிட்டாங்க” என்றார். அதற்குள் ஒரு நோயாளி வந்துவிட்டார், நான் பல் செட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைசி வரி வரைக்கும் அவர் படித்திருக்க மாட்டார், அப்படித்தானே? நீதான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
அக்கா


14 ஆகஸ்ட் 2010

அன்புள்ள அக்காவுக்கு,

அதேதான். உன் டாக்டரம்மா அடிவரைக்கும் பார்த்திருக்க மாட்டார். ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே சின்ன எழுத்தில் “இப்படிக்கு, அக்கா” என்று இருக்கும். ப்ளாக்கை நடத்துகிறவன் என்பதால் என் படம் இருக்கிறது, அவ்வளவுதான். அதை வைத்து யாரோ ஒருவர் பல்லண்ணன் என்று கூப்பிட்டார், அது ஒட்டிக்கொண்டது. நீ இதையெல்லாம் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

பத்திரிகைக்காரர்கள் அடுத்த மாதம் முடிவு சொல்கிறார்கள். இந்த டிஸ்க் புதுசு, கடலில் படகு ஓட்டுகிற விளையாட்டு, எல்லாரும் இதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பத்திரிகைக்குக் காட்டப்போவது இந்தக் கட்டுரைதான். சீக்கிரம் அனுப்பு, நல்லா அனுப்பு.

இப்படிக்கு,
தம்பி


12 செப்டம்பர் 2010

அன்புத் தம்பிக்கு,

சின்ன எழுத்து என்று சொன்னாய். எனக்கும் கண்ணாடி மாற்ற வேண்டிய வயதுதான்.

படகு விளையாட்டை இரண்டு முறை ஆடினேன். ஒரு படகுக்காரன், அவனுடைய அண்ணன் கடலில் போய்விட்டான். அவனைத் தேடித் தம்பி கிளம்புகிறான். கரை இருக்கிறது, மரம் இருக்கிறது, வானத்தில் பறவைகூட இருக்கிறது. ஆனால் கடல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை. எங்கள் லேபில் பிளாஸ்டர் ஊற்றி வழித்த பலகை அப்படித்தான் இருக்கும். அந்த வெள்ளையின் மேல் படகு போகிறது. அலைச் சத்தம் மட்டும் கேட்கிறது.

முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்ததும் ஆட முடியாமல் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அண்ணனைக் கொண்டுபோன தண்ணீரைப் பார்க்க அந்தத் தம்பிக்குத் தைரியம் இல்லை. அதனால் அவன் கண்ணுக்குத் தண்ணீரே தெரிவதில்லை. இத்தனை விளையாட்டில், எதைக் காட்ட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எதைக் காட்டக் கூடாது என்று தெரிந்தவர் இதைச் செய்தவர் ஒருவர்தான். என் வாழ்க்கையில் முதல்முறையாக 32 பல் போடுகிறேன், கடைவாய்ப் பல் உட்பட.

இது முப்பத்தொன்றாவது. இந்த ஒன்றுக்கு மட்டும், கீழே அந்த இரண்டு வார்த்தையைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடு. உன்னிடம் இதற்குமேல் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
அக்கா


5 அக்டோபர் 2010

அக்காவுக்கு,

சந்தோஷமா உனக்கு?

அந்த விளையாட்டில் கடல் இருக்கிறது. நீல நிறத்தில் இருக்கிறது. அதில் மீன் இருக்கிறது. உலகத்திலேயே இதுவரை யாரும் இப்படித் தண்ணீர் செய்ததில்லை என்று ஊரே அதைத்தான் புகழ்ந்துகொண்டிருக்கிறது. நான் மட்டும் தண்ணீரே இல்லை, அதுதான் அழகு என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். முந்நூறு பேர் படம் எடுத்துப் போட்டுச் சிரித்தார்கள். “எந்தக் கடல்ல ஓட்டினீங்கண்ணே?” “பல்லண்ணன் ஆடாமலே எழுதறாரு.” பத்திரிகைக்காரர் ஒரே வரியில் பதில் அனுப்பிவிட்டார், வேண்டாமாம். ஆபீஸில் என் மேஜை மேல் வெள்ளைத் தாளை வைத்து ‘கடல்’ என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

உன் கம்ப்யூட்டர் பழசு, அதற்கு அந்தத் தண்ணீரை வரையத் தெரியவில்லை என்று யோசித்துக் கண்டுபிடித்தேன். ஆனால் உனக்கு அது தெரியாமலா இருந்தது? டாக்டரம்மா கிளினிக் பேச்சு, பெரிய எழுத்து, சின்ன எழுத்து... வேண்டுமென்றே செய்தாய். ஐந்து வயதுப் பையனிடம் வயரை ஒளித்தவள்தானே நீ.

ப்ளாக்கை அழித்துவிட்டேன். மொத்தமாக. உன் கடிதங்களைத் தேடாதே. டைப் அடித்த அன்றைக்கே ஒவ்வொன்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன், என் பெண்டாட்டி கண்ணில் படக் கூடாது என்று. எல்லாம் நான் எழுதியது என்றுதான் இவளுக்குப் படித்துக்காட்டியிருந்தேன். இப்போது உன்னிடம் சொல்லிவிட்டேன், போதுமா?

தம்பி


17 அக்டோபர் 2010

அன்புத் தம்பிக்கு,

‘அன்பு’ என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அடிக்கவில்லை, இருக்கட்டும்.

ஆகஸ்ட் 28, சனிக்கிழமை. டாக்டரம்மா உள்ளே நோயாளிகளை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் படித்தேன். அடிவரைக்கும் பார்த்தேன். சின்ன எழுத்தும் இல்லை, பெரிய எழுத்தும் இல்லை. முதல் இரண்டு கட்டுரையில் போட்டுவிட்டுப் பிறகு எடுத்திருக்கிறாயா, அல்லது போடவே இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் லேபில் வேலை பார்ப்பது நீ லேபில் வேலை பார்த்ததாக இருந்தது. என் அம்மா மட்டும் உன் அம்மாவாகவே இருந்தாள், அதில் பொய் இல்லை. அக்கா ஒரே ஒரு இடத்தில் வந்தாள். சின்ன வயதில் வயர் இணைக்காத கன்ட்ரோலரைக் கொடுத்து உன்னை ஏமாற்றியவளாக. நான் வெட்கப்பட்டு எழுதியதைத் திருப்பி என் மேலேயே போட்டிருந்தாய். அதற்குக் கீழே நூறு பேர் என்னைத் திட்டியிருந்தார்கள்.

படித்துவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அழுதேன், உண்மையைச் சொல்வதற்கு என்ன. அப்புறமும் உன் படகு விளையாட்டை ஆடினேன், அப்புறமும் எழுதி அனுப்பினேன். இந்த ஒன்றில் போடுவான், கேட்டுவிட்டால் போடுவான் என்று நினைத்தேன். வஞ்சம் வைத்து எழுத எனக்கு வராது. எனக்கு அது வெள்ளையாகத்தான் தெரிந்தது. நீ கடிதம் எழுதின பிறகு டாக்டரம்மா அவர் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினார். நீலமாக இருந்தது, மீன் இருந்தது. நல்ல தண்ணீர்தான். நான் பார்த்தது அதில் இல்லை.

பத்து நிமிஷம் ஆடியிருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும். முப்பத்தொரு விளையாட்டில் ஒன்றைக்கூட நீ திறந்து பார்க்கவில்லை. அதையாவது விடு. அத்தனை பேர் சிரித்தபோது, “ஆடியது என் அக்கா, அவள் கம்ப்யூட்டர் பழசு” என்று ஒரு வரி போட்டிருந்தால் சிரித்தவர்களே உன்னைக் கொண்டாடியிருப்பார்கள். என்னையும் இரண்டு வார்த்தை விசாரித்திருப்பார்கள். அந்த ஒரு வரியை எழுதுவதைவிட எல்லாவற்றையும் அழிப்பது உனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

முப்பத்தொரு கடிதம், தம்பி. நகல் வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. தம்பிக்கு எழுதுகிற கடிதத்துக்கு யாராவது நகல் எடுப்பார்களா? அந்த விளையாட்டுகளை மறுபடி ஆடலாம், ஆனால் முதல் தடவை ஆடுகிறவளாக இனி என்னால் ஆட முடியாது.

வயரை ஒளித்ததற்கு மன்னித்துவிடு. அதைச் செய்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது.

டிஸ்க்குகளைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். முப்பது இருக்கும். படகு விளையாட்டை மட்டும் வைத்துக்கொண்டேன். ஃபோன் செய்தால் அம்மா எடுப்பாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

இப்படிக்கு,


20 பிப்ரவரி 2011

அன்புள்ள அக்காவுக்கு,

இது நான் எழுதுகிற நான்காவது கடிதம். ஃபோன் செய்தாலும் ஒவ்வொரு தடவையும் அம்மா, “அவ லேப்ல இருக்காடா, வந்ததும் சொல்றேன்” என்கிறாள். உன் கடைசிக் கடிதத்தில் ‘இப்படிக்கு’ என்று எழுதிவிட்டுக் கீழே ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறாய். அவசரத்தில் மறந்துவிட்டாய் என்று முதலில் நினைத்தேன்.

படகு விளையாட்டை வாங்கி ஆடினேன். கடைசிவரைக்கும். வாழ்க்கையில் நான் முழுசாக ஆடி முடித்தது இது ஒன்றுதான். ஆடிவிட்டு எழுத உட்கார்ந்தேன். ‘தண்ணீர் நன்றாக இருக்கிறது’ என்பதற்குமேல் எனக்கு ஒன்றும் வரவில்லை.

போன வாரம் ஆபீஸில் ஒருவர் ஒரு புது ப்ளாக்கைக் காட்டினார். கலர் கிலர் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளைப் பக்கம். முதல் கட்டுரையே கடல் இல்லாத கடலைப் பற்றி. தன் கம்ப்யூட்டர் பழசு என்று முதல் வரியிலேயே சொல்லியிருந்தது. கடைசியில் 32 பல். அதற்குக் கீழே பெரிய எழுத்தில், இப்படிக்கு, அக்கா.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் படித்தேன். கீழே ஐம்பது அறுபது பேர் அக்கா அக்கா என்று உருகியிருக்கிறார்கள். டாக்டரம்மா கம்ப்யூட்டரிலிருந்துதான் இருக்கும், நீ ஒவ்வொருவருக்கும் பதில் போடுகிறாய். “வா தம்பி”, “நல்லா இருக்கியாம்மா”, “கண்ணு, பரீட்சைய முடிச்சிட்டு ஆடு”. முகம் தெரியாத ஆட்களுக்கு.

நானும் எழுதினேன். “அக்கா, நான்தான். உன் தம்பி” என்று மட்டும். மறுநாள் மத்தியானம் பதில் வந்திருந்தது. “வந்து படித்ததற்கு நன்றி சார்.”

சார் என்று மட்டும் சொல்லாதே அக்கா. திட்டு. எத்தனை பக்கம் வேண்டுமானாலும் திட்டி எழுது.

அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது இவள் பின்னால் வந்து நின்று, மேலே இருந்த கட்டுரையைப் படித்துவிட்டாள். “யாருங்க இந்த அக்கா? அப்படியே உங்கள மாதிரியே எழுதறாங்களே” என்று கேட்டாள்.

தெரியலை என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
தம்பி